நெட்வொர்க் பாக்கெட்டில் பிடித்த பேச்சையும் படத்தையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஐபி போன் (நெட்வொர்க் கேபிளில் ஓடும் போன்) மக்கர் பண்ணினால் மூன்று பேர் வருவார்கள். போன் மாட்டிக் கொடுத்தவர், இன்டர்நெட் லைன் கொடுத்தவர், ஸ்விட்ச்சும் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) கேபிளும் பார்ப்பவர். மூவரும் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் எல்லாம் கிளியருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மெர்ச்சண்டைசர் பையரோடு பேசும்போது குரல் விட்டுவிட்டுத்தான் வரும். பல்லடத்தில் கோழிப் பண்ணை கேமரா பாதியில் உறைந்து நிற்பதும், பொள்ளாச்சியில் தோட்டத்துச் சாளையின் கேமரா பச்சையாக இழுபடுவதும் இதே பஞ்சாயத்துதான்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. பேச்சும் படமும் ஒயரில் பாக்கெட்டுகள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். அவற்றை அப்படியே ஒரு கோப்பில் பிடித்து, அதிலிருந்து குரலையும் படத்தையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் அது. கருவிகள் எல்லாம் இலவசம். புதிதாக வருகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதில்தான் வித்தை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் பிடித்தோம், எப்போது பிடிக்க ஆரம்பித்தோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம்.

முதலில் அனுமதி

பிடிக்கப் போவது அடுத்தவர் பேச்சு. சொந்த நெட்வொர்க் என்றால்கூட, பேசுகிற இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு, ஒரு சோதனை அழைப்பு போட்டுப் பிடிப்பதே நல்லது. அடுத்தவர் கம்பெனியில் வேலை என்றால் முதலாளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாட்ஸாப்பில் "சரிங்க, எடுத்துக்குங்க" என்று வந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். உரிமையாளர் அனுமதி இல்லாமல் நெட்வொர்க்கில் நுழைந்து தகவல் எடுப்பதை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் சிறை வரை போகும்.

என்ன வேண்டும்

பாக்கெட்டைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் ஒன்று. 3.6 பதிப்பிலோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்கட்டும். அதில்தான் ஆடியோ பிளேயரை நன்றாகத் திருத்தி எழுதினார்கள். விண்டோஸில் நிறுவும்போது கூடவே என்பிகேப் போடட்டுமா என்று கேட்கும், போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் பாக்கெட் பிடிக்க முடியாது. அப்புறம் படம் ஓட்டும் விஎல்சி, நல்ல ஹெட்போன் ஒன்று. மில்லுக்குள் ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தில் லேப்டாப் ஸ்பீக்கரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. படம் ஓட்டுவதாக இருந்தால் லினக்ஸ் போட்ட இயந்திரம் ஒன்று பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம்.

பேச்சு எப்படிப் போகிறது

ஒரு அழைப்பில் இரண்டு தனித்தனி போக்குவரத்து உண்டு. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்ஐபி என்ற நெறிமுறை. பெரும்பாலும் 5060 போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது கருவிக்குள் இருக்கும் வாசல் எண்) நடக்கும். குரல் மட்டும் ஆர்டிபி என்ற வடிவப் பாக்கெட்டுகளாக, யுடிபியில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத வழி) தனியே ஓடும். எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு, எந்தக் கோடெக்கில் (குரலையோ படத்தையோ எண்களாக்கும் முறை) அனுப்புவது என்பதை எஸ்ஐபி பாக்கெட்டுக்குள் இருக்கும் எஸ்டிபி என்ற சின்னக் குறிப்பு சொல்லும். இந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள், படம் வரைக்கும் இது கூடவே வரும்.

ஒவ்வொரு ஆர்டிபி பாக்கெட்டின் தலையிலும் 12 பைட் இருக்கும். அதில் வரிசை எண், நேர முத்திரை, எந்த ஓடை என்கிற அடையாள எண், கோடெக் எண் ஆகியவை உண்டு. கோடெக் எண் 0 என்றால் ஜி.711 மியூ-லா, 8 என்றால் ஜி.711 ஏ-லா, 9 ஜி.722, 18 ஜி.729. நம் ஊர் தொலைபேசி வலையமைப்பு ஏ-லா என்பதால் 8-தான் அடிக்கடி கண்ணில் படும். ஜி.711-இல் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது செகண்டுக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட். இந்த மூன்று எண்ணும் மனதில் இருந்தால் பின்னால் வரும் எல்லாம் தானாகப் புரியும்.

எங்கே பிடிப்பது

சாதாரண ஸ்விட்ச்சில் ஏதோ ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகினால் உங்கள் லேப்டாப்புக்கு வருவதும் எல்லோருக்கும் பொதுவாகப் போவதும் மட்டும்தான் தெரியும். அடுத்த மேஜை போனின் பேச்சு தெரியாது. ஸ்விட்ச் மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) வகையாக இருந்தால் போன் இருக்கும் போர்ட்டை உங்கள் போர்ட்டுக்கு மிரர் செய்யுங்கள், அங்கே போகிற வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களுக்கு வரும். கம்பெனியில் இருப்பது விலை குறைந்த ஸ்விட்ச் என்றால், மிரர் வசதி உள்ள எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு, போனுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிவிடலாம். வைஃபையில் போகிற பேச்சைக் காற்றில் பிடிக்க முயல வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் ஸ்விட்ச்சில் சேருகிற ஒயரிலேயே பிடித்துவிடுங்கள்.

கம்பெனி போன்களை இணைக்கும் பிபிஎக்ஸ் லினக்ஸில் ஓடினால், டிசிபிடம்ப் கருவியைக் கொண்டு அதிலேயே நேராகப் பிடிக்கலாம். ஆனால் ஒன்று: சில அமைப்புகளில் மணி மட்டும் பிபிஎக்ஸ் வழியாகப் போகும், பேச்சு இரண்டு போன்களுக்கிடையில் நேராக ஓடும். பிபிஎக்ஸில் பிடித்த கோப்பில் எஸ்ஐபி முழுசாக இருந்து ஆர்டிபி ஒன்றுகூட இல்லையென்றால், அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. இந்த நேரடி வழியைச் சோதனைக்காக அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரே இடத்தில் பிடித்தால் பாதி விடைதான் கிடைக்கும். பெருந்துறை யூனிட்டிலிருந்து திருப்பூர் ஆபீசுக்குப் பேசும்போது திருப்பூரில் குரல் உடைகிறது என்று வையுங்கள். பெருந்துறை போனுக்குப் பக்கத்தில் ஒன்று, பெருந்துறை ரௌட்டர் வாயிலில் ஒன்று, திருப்பூர் ரௌட்டர் வாயிலில் ஒன்று என மூன்று இடத்தில் ஒரே அழைப்பைப் பிடியுங்கள். போன் பக்கத்தில் சுத்தம், பெருந்துறை வாயிலிலேயே ஓட்டை என்றால் உள்ளூர் கேபிளோ ஸ்விட்ச்சோதான். அங்கே சுத்தம், திருப்பூர் வாயிலுக்கு வரும்போது ஓட்டை என்றால் லைன்காரரைக் கூப்பிடலாம். மூன்றிலும் சுத்தமாக இருந்து ஆபீஸில் மட்டும் கேட்கவில்லை என்றால், அந்த வாயிலுக்கும் போனுக்கும் நடுவில்தான் விஷயம். மூவரையும் உட்கார வைத்து இந்தக் கோப்புகளைப் போட்டுக் காட்டினால் "நம்ம பக்கம் கிளியருங்க" என்று சொல்ல ஒருவர் குறைவார்.

மிரர் போடும்போது பல போர்ட்டுகளை இரு திசையிலும் சேர்த்து மிரர் செய்தால் ஒரே பாக்கெட் இரண்டு முறை வந்து விழும். பட்டியலில் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். ஒரு போர்ட் மட்டும் மிரர் செய்யுங்கள். ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது என்றால், வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப் கருவி இரட்டைகளைக் களைந்து தரும்.

எப்போது, எவ்வளவு

அழைப்பு தொடங்கும் முன்பே பிடிக்கத் தொடங்க வேண்டும். பாதியில் தொடங்கினால் அந்த எஸ்டிபி குறிப்பு கோப்பில் இருக்காது. எது குரல், எந்தக் கோடெக் என்று வயர்ஷார்க்குக்குத் தெரியாது. எனவே முதலில் கேப்சரை ஓடவிடுங்கள், அப்புறம் போனை எடுத்து எண்ணை அழுத்துங்கள்.

பாக்கெட்டை முழுதாகப் பிடியுங்கள். ஆரம்ப பைட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பு எங்காவது போட்டிருந்தால் தலை இருக்கும், குரல் இருக்காது. கோளாறு எப்போதாவதுதான் வருகிறது என்றால் நாள் முழுக்க ஓடவிட வேண்டியிருக்கும். கேப்சர் ஆப்ஷன்ஸில் அவுட்புட் தாளுக்குப் போய், ரிங் பஃபர் வைத்து, கோப்பு அளவையும் எண்ணிக்கையையும் கொடுத்துவிட்டால் பழையது அழிந்து புதியது எழுதப்படும். ஒரு ஜி.711 அழைப்பு இரு திசையும் சேர்ந்து மணிக்கு 80 எம்பி சொச்சம் பிடிக்கும். 4 எம்பிபிஎஸ் கேமரா என்றால் மணிக்கு 1.8 ஜிபி, கணக்குப் பார்த்து டிஸ்க்கில் இடம் வையுங்கள்.

முடிந்ததும் திரையின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். டிராப்டு என்று ஏதாவது எண் காட்டினால், அத்தனை பாக்கெட்டை உங்கள் லேப்டாப்பே தவறவிட்டிருக்கிறது. போனில் நன்றாகக் கேட்ட குரல் உங்கள் கோப்பில் மட்டும் உடைந்திருக்கும். அந்தக் கோப்பை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது.

குரலை ஓட்டுவது

1. கோப்பை வயர்ஷார்க்கில் திறந்து, மேலே டெலிபோனி மெனுவில் வாய்ப் கால்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிடிபட்ட அழைப்புகள் நேரம், யாரிடமிருந்து, யாருக்கு என்று வரிசையாக வரும்.

2. வேண்டிய அழைப்பைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஃபுளோ சீக்வென்ஸ் பொத்தானை அழுத்துங்கள். எல்லோரும் இதைத் தாண்டிவிட்டு நேராகப் பிளே அழுத்துவார்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற கோளாறுக்கு விடை இந்த ஏணிப் படத்திலேயே இருக்கும். இரண்டு திசைக்கும் ஆர்டிபி அம்பு இருக்கிறதா? ஒரு திசை இல்லையென்றால் அழைப்பின் இன்வைட் பாக்கெட்டைத் திறந்து, எஸ்டிபியில் உள்ள முகவரியைப் பாருங்கள். அது 192.168 என்று தொடங்கும் உள்முகவரியாக இருந்து, எதிராளி இன்டர்நெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால், அவர் போன் குரலை எங்கோ இல்லாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு அமைப்பு இருக்கும். உதவி செய்வதாகச் சொல்லி இந்தக் குழப்பத்தை உண்டாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

3. இப்போது பிளே ஸ்ட்ரீம்ஸ். இரண்டு திசையும் இரண்டு அலை வடிவங்களாக வரும். ஒன்றை இடக் காதுக்கும் மற்றதை வலக் காதுக்கும் ஒதுக்குங்கள். யார் பேசும்போது யார் குரல் உடைகிறது என்பது ஹெட்போனில் உடனே பிரிந்து கேட்கும்.

4. கீழே பிளேபேக் டைமிங் என்று ஒரு தேர்வு இருக்கும். புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஜிட்டர் என்பது பாக்கெட் வரும் இடைவெளி ஏறி இறங்குவது, அதைச் சமாளிக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்கும் தொட்டிதான் ஜிட்டர் பஃபர். ஜிட்டர் பஃபர் முறையில், தாமதமாக வந்த பாக்கெட்டை வயர்ஷார்க் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டும். தொடக்கத்தில் 50 மில்லிசெகண்ட் வைத்திருப்பார்கள். நேர முத்திரை முறையில் தாமதத்தைப் பொருட்படுத்தாது, அனுப்பியவர் சொன்ன நேரப்படி ஓட்டும். ஒரே ஓடையை இரண்டு முறையிலும் கேளுங்கள். இரண்டிலும் உடைகிறது என்றால் பாக்கெட்டே தொலைந்திருக்கிறது. நேர முத்திரையில் நன்றாக இருந்து ஜிட்டர் பஃபரில் மட்டும் உடைந்தால் பாக்கெட் வந்திருக்கிறது, நேரத்துக்கு வரவில்லை. முதலாவதற்கு கேபிள், போர்ட், லைன் என்று தேடிப் போக வேண்டும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் லைன் நிரம்பி வழிவதுதான் காரணம். ஷிப்மென்ட் படங்களை யாரோ மொத்தமாக ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும்.

5. வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் பொத்தானில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்கள் கேட்பது வயர்ஷார்க் கட்டியெழுப்பிய குரல். போனுக்கென்று தனி ஜிட்டர் பஃபர் உண்டு, சின்ன ஓட்டைகளை நிரப்பிப் பூசும் வித்தையும் உண்டு. அதனால் அவர் காதில் விழுந்தது இதைவிட நன்றாகவும் இருந்திருக்கலாம், மோசமாகவும் இருந்திருக்கலாம்.

காதை மட்டும் நம்பாமல்

டெலிபோனி மெனுவில் ஆர்டிபி, அதற்குள் ஆர்டிபி ஸ்ட்ரீம்ஸ். ஓடையைத் தேர்ந்தெடுத்து அனலைஸ் அழுத்தினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இடைவெளி, ஜிட்டர், தொலைந்தது என்று பட்டியல் வரும். 20 மில்லிசெகண்ட் பாக்கெட் என்றால் சராசரி இடைவெளி 20-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். இடையில் 180 என்று ஒன்று வந்து, அதைத் தொடர்ந்து 1, 1, 1 என்று ஏழெட்டு வந்தால் பாக்கெட்டுகள் எங்கோ தேங்கி நின்று ஒரே மூச்சில் திறந்துவிடப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

பெரிய இடைவெளி எல்லாமே இழப்பு அல்ல. சில போன்கள் பேச்சு இல்லாதபோது பாக்கெட் அனுப்பாமல் மௌனமாகிவிடும். வரிசை எண் தொடர்ச்சியாக இருந்து நேரம் மட்டும் தாவியிருந்தால் அது மௌனம். வரிசை எண்ணே தாவியிருந்தால்தான் இழப்பு. இதைப் பார்க்காமல் "ரெண்டு செகண்டு காணலைங்க" என்று லைன்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. நடுவில் 101 என்ற கோடெக் எண்ணில் சில பாக்கெட் வந்தால் அதுவும் கோளாறில்லை. யாரோ பட்டனை அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

எஸ்ஐபி இல்லாத கோப்பு வந்தால்

வேறொருவர் பிடித்து அனுப்பிய கோப்பில் வெறும் யுடிபி பாக்கெட்டுகள் மட்டும் இருக்கும், வாய்ப் கால்ஸ் பட்டியல் காலியாக இருக்கும். கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். யுடிபியின் உள்ளடக்கம் 172 பைட் என்று ஒரே அளவில், 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வருகிறதா பாருங்கள். 12 பைட் தலை, 160 பைட் குரல், ஜி.711-இன் கைரேகை அது. கீழே பைட்டுகள் தெரியும் பகுதியில் உள்ளடக்கம் 80 என்று தொடங்கும். தலை தாண்டியதும் டி5, டி5, டி5 என்று ஓடினால் ஏ-லாவில் யாரும் பேசாத அமைதி. அந்தப் பாக்கெட்டின் மேல் வலது சொடுக்கி, டிகோட் ஆஸ் தேர்ந்தெடுத்து, ஆர்டிபி என்று மாற்றிவிட்டு ஆர்டிபி ஸ்ட்ரீம்ஸுக்குப் போனால் ஓடையும் வரும், குரலும் ஓடும்.

ஆனால் கோடெக் எண் 96 முதல் 127-க்குள் இருந்தால் கதை வேறு. அவை அந்தந்த அழைப்புக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும் எண்கள். எஸ்டிபி இல்லாமல் அது ஓபஸ் குரலா, ஹெச்.264 படமா என்று தெரியாது. அனுப்பியவரிடம் மறுபடி பிடிக்கச் சொல்வதுதான் நேரம் மிச்சம்.

பூட்டிய பேச்சு ஓடாது. எஸ்ஆர்டிபி என்ற குறியாக்கம் போட்டிருந்தால் பிளேயரில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்தான் கேட்கும். வாட்ஸாப், ஜூம் அழைப்புகளை இந்த வழியில் கேட்க முடியாது. ஆனால் தலையில் உள்ள வரிசை எண்ணும் நேர முத்திரையும் எஸ்ஆர்டிபியில் மறைக்கப்படுவதில்லை. குரலைக் கேட்காமலேயே இழப்பையும் ஜிட்டரையும் அளந்துவிடலாம்.

படம் ஓட்டுவது

வயர்ஷார்க்குக்குள் படம் ஓடாது, குரல் மட்டும்தான். படத்துக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

கேமராவும் அதன் படத்தைப் பதிவு செய்யும் என்விஆரும் ஆர்டிஎஸ்பி என்ற நெறிமுறையில் பேசிக்கொள்ளும், பொதுவாக 554 போர்ட்டில். டிஸ்கிரைப் என்ற கேள்விக்குக் கேமரா அனுப்பும் பதிலில்தான் நாம் தேடும் எஸ்டிபி இருக்கிறது. எனவே கேப்சரை ஓடவிட்டு, என்விஆரில் அந்தக் கேமராவை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துவிடுங்கள். புதிதாகக் கேள்வி பதில் நடந்து எஸ்டிபி கோப்பில் விழும்.

பெரும்பாலான ஓடைகள் டிசிபிக்குள் சுருட்டிப் போகும். சோதனைக்கு யுடிபியாக மாற்றினால் பிரித்தெடுப்பது எளிது, ஆனால் கோளாறின் முகம் மாறிவிடும். டிசிபியில் தொலைந்த பாக்கெட் திரும்ப அனுப்பப்படுவதால் படம் உறைந்து, பிறகு தாவும். யுடிபியில் அதே இழப்பு கட்டம் கட்டமாகச் சிதறலாகத் தெரியும். வாடிக்கையாளர் புகார் எந்த முறையில் வந்ததோ அதிலும் ஒரு பிரதி பிடித்து வையுங்கள்.

யுடிபி கோப்பு கையில் இருந்தால், ஆர்டிபி ஸ்ட்ரீம்ஸ் பட்டியலில் பட ஓடையைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் அழுத்துங்கள். ஆர்டிபிடம்ப் என்ற வடிவில் சேமிக்கப்படும். டிஸ்கிரைப் பதிலில் உள்ள எஸ்டிபி உரையை நகலெடுத்து, எஸ்டிபி என்ற நீட்சியோடு ஒரு உரைக்கோப்பாக வையுங்கள். அதில் முகவரி வரியை 127.0.0.1 என்றும், வீடியோ வரியில் போர்ட்டை 5004 என்றும் திருத்துங்கள். ஆடியோ வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்தக் கோப்பை விஎல்சியில் திறந்து காத்திருக்க விட்டு, லினக்ஸில் ஆர்டிபிடூல்ஸ் தொகுப்பில் உள்ள ஆர்டிபிபிளே கருவியால் அந்த ஆர்டிபிடம்ப் கோப்பை 127.0.0.1, 5004-க்கு அனுப்புங்கள். அன்று வந்த அதே கால இடைவெளியில் பாக்கெட்டுகள் போகும், விஎல்சியில் படம் ஓடும். விஎல்சி முதலில், அனுப்புவது பிறகு. மாற்றிச் செய்தால் தொடக்கம் போய்விடும்.

முதல் ஓரிரு செகண்ட் சாம்பலாகவோ பச்சையாகவோ இழுபட்டால் பதற வேண்டாம். முழுப் படம் ஒன்று வரும் வரை அடுத்தடுத்து வருவதெல்லாம் மாற்றங்கள் மட்டும்தான். கேமராவில் ஐ-பிரேம் (முழுப் படம்) இடைவெளி 50 என்றும் செகண்டுக்கு 25 பிரேம் என்றும் இருந்தால் அதிகபட்சம் 2 செகண்ட் காத்திருக்க வேண்டும். பிறகும் தெளியவில்லை என்றால் எஸ்டிபியில் படத்தின் அகல உயரம் போன்ற விவரங்களைச் சுமக்கும் நீண்ட வரி நகலெடுக்கும்போது அறுபட்டிருக்கிறதா பாருங்கள்.

கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமில் வேலை இன்னும் சுலபம். அங்கே சேனல்கள் எம்பெக் டிஎஸ் வடிவில் மல்டிகாஸ்ட்டாக (ஒரே ஓடை பலருக்கும்) ஓடும். ஒவ்வொரு யுடிபி பாக்கெட்டிலும் 188 பைட் துண்டுகள் ஏழு, மொத்தம் 1316 பைட். இடையில் ஆர்டிபி தலை இல்லையென்றால், ஒரு பாக்கெட்டில் வலது சொடுக்கி, ஃபாலோ, யுடிபி ஸ்ட்ரீம் என்று போய், ரா வடிவில் டிஎஸ் நீட்சியோடு சேமித்து விஎல்சியில் திறந்தால் போதும்.

வேறு கருவிகளுக்குக் கோப்பைக் கொடுக்கும்போது பழைய பீகேப் வடிவில் சேமித்துக் கொடுங்கள். வயர்ஷார்க் தானாகச் சேமிப்பது பீகேப்-என்ஜி. சில கருவிகளுக்கு அது புரியாமல் வெறும் பிழைச் செய்தி வரும்.

கோப்பை வெளியே அனுப்பும் முன்

லைன்காரர் ஆதாரம் கேட்பார். முழுக் கோப்பையும் மெயிலில் அனுப்ப வேண்டியதில்லை. அந்த அழைப்பை மட்டும் வடிகட்டி, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஸ்பெசிஃபைடு பாக்கெட்ஸ் வழியாகத் தனியே எடுங்கள். பையரோடு விலை பேசிய குரல் அதில் இருந்தால் எடிட்கேப்பில் ஒவ்வொரு பாக்கெட்டையும் 54 பைட்டில் வெட்டிவிடுங்கள். ஈதர்நெட் 14, ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12: தலைகள் எல்லாம் தங்கும், பேச்சு போய்விடும். விஎல்ஏஎன் (ஒரே ஒயரில் பிரித்த தனி நெட்வொர்க்) குறி இருந்தால் 58. வரிசை எண்ணும் நேரமும் அப்படியே இருப்பதால் அவர் டிகோட் ஆஸ் போட்டு இழப்பையும் ஜிட்டரையும் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். முழுக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.